கயிற்றின் மறுமுனை

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு சாயங்காலம். வயதான ஒருவர் தூண்டில் கயிற்றைக் கூடைக்குள் வட்டம் வட்டமாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். கயிறு உள்ளங்கை வழியாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும், பெருவிரல் ஓர் இடத்தை நெருடும். அங்கே ஒரு இழை பிரிந்திருக்கும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை அவர். கடலில் எப்போதாவது பயந்தது உண்டா மாமா என்று கேட்டேன்.

"பெரிய மீனு இழுக்கும்பம் பயம் கெடையாது மக்களே. அது மீனுண்ணு கைக்குத் தெரியும். கனமா வந்துட்டிருந்த கயறு சட்டுண்ணு லேசாவும் பாரு, அப்பந்தான். ஏத்திப் பாத்தா கேரைக்க தல மட்டும் இருக்கும். செவுளுக்குப் பொறவு ஒண்ணும் இருக்காது."

கேரை என்றால் சூரை வகைப் பெருமீன். அதை எது தின்றது?

"சுறாவா இருக்கும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கும்," என்று இன்னொரு தடவை சொன்னார்.

ஆழ்கடலில் நடக்கும் திகில் கதைகளைப் பல வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். அந்த இரண்டாவது 'இருக்கும்' தருகிற நடுக்கத்தைத் தந்த கதைகள் மிகக் குறைவு. பெரும்பாலான கதைகள் அவசரப்பட்டு ஒரு ராட்சதப் பிராணியைக் காட்டிவிடுகின்றன. காட்டியதும் அது மீனாகிவிடுகிறது, கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆழ்கடல் திகிலின் உயிர் பிராணியில் இல்லை, கயிற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். மேலே ஒரு கை, கீழே ஒரு இருட்டு, நடுவில் ஒரு கயிறு. மறுமுனையில் நடப்பது எதுவும் கைக்கு எடையாகத்தான் வந்து சேரும்.

இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நீரோடி முடிகிற இடத்தில் கேரளத்தின் பொழியூர் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இங்கே வந்து விழுந்தது. ஆனாலும் தூத்தூர் வட்டாரத்துக் கோவில்கள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவைதான். விசைப்படகுகள் பல கொச்சியிலிருந்து தொழிலுக்குப் போகின்றன. ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பது இங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது. இந்த எட்டு ஊர்க்காரர்களுக்கும் கடல்தொழிலில் ஒரு பெயர் உண்டு: ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிக்கிறவர்கள்.

அவர்கள் கருவி ஆயிரங்கால் தூண்டில். கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு கயிறு. அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் கிளைக் கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் முள்ளும் இரையும். விட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்புறம் இழுக்க வேண்டும். வலைக்காரருக்கு மீன் மொத்தமாக வரும். தூண்டில்காரருக்கு ஒவ்வொன்றாக, ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிப் பதிலாக வரும்.

ஈரலெண்ணெய்க்காகப் பிடிக்கும் ஆழ்கடல் சுறாக்களைக் கரையில் பார்த்திருக்கிறேன். சில நூறு மீட்டருக்கும் கீழே வாழ்பவை. ஆள் உயரம்கூட இருக்காது. தோல் சாம்பல் பழுப்பு. கண்தான் நம்மை நிறுத்தும். முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண், உள்ளே பச்சை வெளிச்சம் எரிவது போல. சிந்திய வெளிச்சத்தையெல்லாம் பொறுக்கி எடுப்பதற்கென்று கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. பகல் வெளிச்சத்தையே பார்க்காத கண், துறைமுகத்து சோடியம் விளக்கை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. செத்துப் பல மணி நேரம் ஆன பிறகும் அது நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும்.

அப்புறம் கலவா. பாறைப் பார்களில் நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மீன். வேகமாக மேலே இழுத்தால் வயிறு வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும், கண் வெளியே தள்ளும். காரணம் எளியது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கவும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நூறு மீட்டரில் கரையில் இருப்பதைப் போல 11 மடங்கு. அந்த நெருக்கத்துக்குள் அளவாக அடங்கிக் கிடந்த காற்றுப்பை, மேலே வர வர ஊதிப் பெருத்து உள்ளுறுப்புகளை வெளியே தள்ளுகிறது. நாம் ஆழத்தை நினைத்து எப்படிப் பயப்படுகிறோமோ, கலவாவுக்கு நம் காற்றும் வெளிச்சமும் அப்படி. உலகத்திலேயே அவலட்சணமான பிராணி என்று 2013-ல் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆழ்கடல் மீன் ஒன்று உண்டு, மூக்கு தொங்கி, முகம் வழிந்து, கூழ் போல. தன் ஆழத்தில் அது சாதாரண மீன் போலத்தான் இருக்கும். அந்தக் கோரம் நாம் மேலே கொண்டுவந்ததால் ஏற்பட்டது. ஆழ்கடலைப் பற்றி எழுத வருகிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் போதும், பாதிக் கதைகள் வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றுகிறது.

இந்த வகைக் கதைகள் எப்போது, எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் அங்கேயும் கயிறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிரே இருக்காது என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் கருதினார். பலரும் ஏற்றுக்கொண்டார்கள். 1860-ல் மத்தியதரைக் கடலடியில் பழுதான தந்திக் கம்பியைச் சரிசெய்ய மேலே இழுத்தார்கள். ஆயிரம் மீட்டருக்கும் கீழே கிடந்த பகுதியில் பவளம் போன்ற உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. செய்தி அனுப்பப் போட்ட கம்பி, யாரும் எதிர்பார்க்காத செய்தியோடு மேலே வந்தது. 1872-லிருந்து 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றியது. நாளுக்கு நாள் அவர்கள் செய்தது, சணல் கயிற்றில் எடை கட்டி இறக்குவதும் இழுப்பதும்தான். 1875 மார்ச்சில் மரியானா தீவுகளுக்கு அருகே கயிறு 8,000 மீட்டரையும் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. கப்பலின் மேல்தளத்தில் நின்று கயிறு தீராமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அதற்கு எந்த ராட்சதப் பிராணியும் தேவையில்லை.

இருபது வருடம் கழித்து, 1896-ல், ஹெச். ஜி. வெல்ஸ் ஒரு சிறுகதை எழுதினார். எஃகுக் கோளத்துக்குள் ஒருவன் உட்கார்ந்து கடலடிக்கு இறங்குகிறான். கீழே எடைக்கற்கள் ஒரு கயிற்றில் கட்டியிருக்கின்றன. குறித்த நேரம் ஆனதும் கடிகாரப் பொறி ஒன்று கயிற்றை அறுக்க வேண்டும், கோளம் மிதந்து மேலே வர வேண்டும். கடலடியில் மனித உருவத்தை ஒத்த பிராணிகள் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகின்றன. கோளத்தைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகின்றன. கயிறு தேய்ந்து அறுந்ததால் அவன் தப்பி மேலே வருகிறான். வந்தவன் சும்மா இருக்கவில்லை, திரும்பவும் இறங்குகிறான். இந்தத் தடவை வரவில்லை. கதை அவ்வளவுதான். அந்தப் பிராணிகளின் உருவம் எனக்கு மறந்துபோய்விட்டது. இரண்டாம் தடவை மேலே படகில் காத்திருந்தவர்கள் மறக்கவில்லை.

கதை நிஜமாக இன்னும் முப்பது சொச்சம் வருடம் ஆனது. பெர்முடா தீவுக்கு அருகே அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓடிஸ் பார்ட்டனும் ஓர் எஃகு உருண்டைக்குள் சுருண்டு உட்கார்ந்து இறங்கினார்கள். உருண்டையின் குறுக்களவு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஒரு எஃகு வடம், ஒரு தொலைபேசிக் கம்பி. 1934 ஆகஸ்ட் 15 அன்று 923 மீட்டர். மேலே குளோரியா ஹாலிஸ்டர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பீபி சொல்லச் சொல்ல எழுதினார். பீபி சொன்ன மீன்களில் சிலவற்றை அதன் பிறகு எவரும் பார்த்ததில்லை. படமும் இல்லை, உடலும் இல்லை. கம்பி வழியாக மேலே வந்த ஒரு குரல் மட்டும் சாட்சி. அவர் பார்த்தாரா, ஜன்னலில் தன் மூச்சு படிந்ததைப் பார்த்தாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இதற்கு இரண்டு வருடம் முன்னால் ஆளில்லாமல் இறக்கிப் பார்த்தபோது உருண்டைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே ஏற்றி மூடியின் திருகைத் தளர்த்தியதும், உள்ளே அடைபட்ட அழுத்தம் அதைப் பீரங்கிக் குண்டு போல மேல்தளத்தின் குறுக்கே பாய்ச்சியது. ஆழத்தின் ஒரு துண்டு கயிற்றோடு சேர்ந்து மேலே வந்துவிட்டது என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆழத்துக்குள் இறங்காமலே எழுதப்பட்டவற்றில் எனக்குப் பிடித்தது வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் 1907-ல் எழுதிய ஒரு கதை. பிள்ளைப் பிராயத்திலேயே கப்பலேறி வருடக்கணக்காகக் கடலில் கழித்தவர் அவர். காற்றில்லாத இரவு, நின்றுபோன பாய்க்கப்பல். இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் குரல் கொடுக்கிறான். சாப்பிட ஏதாவது தாருங்கள், ஆனால் விளக்கை என் பக்கம் காட்ட வேண்டாம் என்கிறான். கதை முழுக்க அந்தக் குரல்தான். வெளிச்சம் வேண்டாம் என்று கெஞ்சும் குரலைக் கேட்டு மிரண்டுபோகாத வாசகர் இருக்க மாட்டார். கடலில் வேலை பார்த்தவருக்குத்தான் இது தோன்றும்.

சரி, இங்கே என்ன இருக்கிறது? எங்கள் எல்லை நாடு பேய்க்கதைக்குப் பஞ்சமில்லாத பூமி. ஏழிலைப்பாலை மரத்தடியில் நின்று சுண்ணாம்பு கேட்கும் யட்சி, கள்ளியங்காட்டு நீலி, மாடன், இசக்கி. பாட்டி சொல்லிக் கேட்டு, இருட்டியபின் வெளியே போகப் பயந்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அத்தனையும் தரையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம், ஒரு வழி, ஒரு முக்கு உண்டு. யட்சியின் உச்சியில் ஆணி அறைந்து மரத்தில் தைத்துவிடுவார் மந்திரவாதி. பயத்துக்கு ஒரு இருப்பிடம் கொடுத்து அங்கேயே நிறுத்திவிடுகிற ஏற்பாடு அது. கடலில் ஆணி அறைய மரம் ஏது? தரையில் எங்கும் பயத்தைக் கட்டிப்போட முடிந்த நம் ஆட்களால் கடலில் அது முடியவில்லை. அதனால்தான் கடலைப் பேயாக்காமல் தாயாக்கினார்கள் என்று நினைக்கிறேன். கடலம்மை தருவாள், கோபித்தால் எடுத்துக்கொள்வாள். தாயிடம் மன்றாடலாம், நேர்ந்துகொள்ளலாம்.

தகழி 1956-ல் வெளியிட்ட செம்மீன் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. கரையில் மனைவி தவறினால் கடலில் கணவன் திரும்ப மாட்டான் என்ற நம்பிக்கை. அதைக் காதல் கதையாகத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் வரும் கணவன் பழனியின் முடிவை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். இரவில் தனி ஆளாகப் போகிறான். தூண்டிலில் பெரிய சுறா மாட்டுகிறது. அது இழுத்துக்கொண்டு போகிறது. சுழிக்குள் போகிறான். பிடித்தவனை மறுமுனை பிடித்துக்கொள்கிற அந்தச் சில பக்கங்கள், நம் பக்கத்து மொழிகளில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கடல் திகில் என்று தயங்காமல் சொல்வேன். பெண்ணின் கற்பில் குற்றத்தைப் போடும் நம்பிக்கை எனக்கு உடன்பாடில்லை. கரையில் காத்திருப்பவளின் தலையில் கடலின் பழியையும் சுமத்துவது கொடுமை. ஆனால் அந்த நம்பிக்கைக்குள் ஒரு கயிறு இருப்பது உண்மை. கரையில் இருப்பவள் எங்கோ கடலில் இருப்பவனோடு கட்டப்பட்டிருக்கிறாள்.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது: திமிங்கிலகிலம். திமி என்பது பெருமீன். திமியை விழுங்குவது திமிங்கிலம். திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். வடமொழி வழியாக வந்து நம் காவியங்களிலும் அகராதிகளிலும் உட்கார்ந்துகொண்டது. அதற்கு உருவ வர்ணனை தேவைப்படவில்லை. பார்த்த மீனுக்குப் பின்னால் பார்க்காத ஒரு வாய் இருக்கிறது என்று சொல் தன்னையே நீட்டிச் சொல்லிவிடுகிறது. துறைமுகத்தில் அந்தப் பெரியவர் சொன்ன கேரைத் தலை இதுதானே.

நிஜமான ஆழ்கடல் பிராணிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. படங்கள் எங்கும் கிடைக்கின்றன. ஒன்று மட்டும். 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கி, 1,000 மீட்டரோடு சூரியன் அடியோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் வெளிச்சமெல்லாம் உயிர்கள் தாமே உண்டாக்குவது. கொச்சிக்கு அருகே கும்பளங்கிப் பக்கம் காயலில் இரவில் நீலமாய்ப் பூக்குமே கவர், அதே வகை வெளிச்சம். ஆழத்தில் ஒரு மீன் நெற்றியில் கோல் போல நீண்ட ஒன்றின் நுனியில் அதை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கிறது. தூத்தூர்க்காரர் மேலிருந்து தூண்டில் போடுகிறார், அது கீழிருந்து போடுகிறது. இருவருக்கும் தெரிந்த தொழில் ஒன்றே: காத்திருப்பது.

இனி எழுதத் தயங்குகிற ஒன்றை எழுத வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. 29-ம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலாகிவிட்டது. தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்த படகுகள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தன. படகில் உள்ள வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. கரையில் எச்சரிக்கை வந்தாலும் அவர்கள் காதுக்குப் போகிற கயிறு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. இந்த எட்டு ஊர்களில் அந்த டிசம்பரில் அழுகை கேட்காத ஊர் இல்லை. கண்டெடுத்த உடல்களில் பல யாருடையது என்று மரபணுச் சோதனை வைத்துத்தான் தெரிந்தது. உடல் கிடைக்காதவர்கள் இன்னும் அதிகம். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ள நம் சாட்சியச் சட்டம் பொதுவாக ஏழு வருடம் கேட்கிறது.

என்னோடு படித்த ஒருவனின் அண்ணன் அதில் போனார். அவர் அம்மா மாதக்கணக்கில் அந்த எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும், முதலில் ஒரு மொழியில், அப்புறம் இன்னொரு மொழியில். அவர் அதைக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார். "வெளியேண்ணுதானே சொல்லுது, இல்லண்ணு சொல்லேல்லல்லா," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் இல்லை.

இதைக் கதைச் சரக்காக்கலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் புயலைப் பின்னணியாக வைத்து, செத்தவர்கள் எழுந்து வருவதாக யாராவது எழுதினால் என்னால் படிக்க முடியாது. ஆனால் ஆழ்கடல் திகில் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால், அந்த அம்மாவின் கையிலிருந்த போனைத் தவிர்த்துவிட்டு என்னால் பதில் சொல்லவும் முடியாது. இந்த வகை எழுத்துக்கு இங்கே ஒருவர் வருவாரானால், அவர் கடலடியிலிருந்து தொடங்க மாட்டார். கரையிலிருந்து, காத்திருப்பதிலிருந்து தொடங்குவார். அவருக்குக் கணிச்சம் தெரிந்திருக்கும்: கோவில் கோபுரத்தையும் மலையுச்சியையும் ஒரு கோட்டில் நிறுத்திக் கடலில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் பழைய வித்தை. கரையின் கடைசி அடையாளம் மறைந்ததும் படகில் பேச்சு குறைந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கும். நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், மாறுவதைக் கயிற்றின் சாய்வில் பார்க்கத் தெரிந்திருக்கும். இவ்வளவு இருந்தால், விசித்திரமான ஒன்றே ஒன்று போதும். அதைக் காட்டக்கூட வேண்டாம்.

புதிய களமும் வந்துகொண்டிருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கிக் கலத்தை உருவாக்கி வருகிறது. 2.1 மீட்டர் குறுக்களவுள்ள டைட்டானியக் கோளம், அதற்குள் மூன்று பேர், 6,000 மீட்டர் ஆழம். பீபிக்கு இருந்த எஃகு வடமும் தொலைபேசிக் கம்பியும் இதில் கிடையாது. தண்ணீருக்குள் வானொலி அலை அதிக தூரம் போகாது, அதனால் ஒலியால்தான் பேச வேண்டும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 1960 ஜனவரி 23 அன்று ட்ரியஸ்ட் கலத்தில் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இறங்கியபோது, ஒரு வார்த்தை மேலே போக ஏழு விநாடி ஆனது. மத்ஸ்யாவின் ஆழத்தில் நான்கு விநாடி. கேள்வி இறங்க நான்கு, பதில் ஏற நான்கு.

எனக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நீரோடியிலிருந்து போய்ப் படித்து வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், தாய்க்கப்பலில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா தூண்டில்காரர். "கேட்கிறதா?" என்று கீழே அனுப்பிவிட்டு எண்ணத் தொடங்குகிறான். எட்டு வந்துவிட்டது. ஒன்பது. அவனுக்கே தெரியாமல் அவன் பெருவிரல் ஹெட்போன் ஒயரை ஓர் இடத்தில் நெருடிக்கொண்டிருக்கிறது.